புதுக்கோட்டை மிருதங்க மரபும் வெஸ்லியன் பல்கலைக்கழகமும்

புதுக்கோட்டைப் பாணி, தஞ்சாவூர்ப் பாணியோடு சேர்த்துப் பேசப்படும் மிருதங்க வாசிப்பு முறை. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளை இதன் மூலபுருஷர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுபவரும் இவரே. இவருடைய சீடர்களில் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, பழனி முத்தையா பிள்ளை இருவரும் பெயர்பெற்றவர்கள். தாளக் கணக்கில் கறார், மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் எழும் ‘கும்கி’ என்னும் நாதம் ஆகியவற்றை இப்பாணியின் அடையாளமாக ரசிகர்கள் சொல்வார்கள்.

முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர். அவர் வாசித்தால் மேடையில் வயலினும் மிருதங்கமும் இடம் மாறி அமர வேண்டும். அதற்கு இசையாத பக்கவாத்தியக்காரர்களால் அவர் இழந்த வாய்ப்புகள் பல. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் துணை நின்றார். சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்ற தஞ்சாவூர் ரங்கநாதன் (1925–1987), வீணை தனம்மாளின் பேரன், நடனமணி பாலசரஸ்வதியின் தம்பி. 1963இல் அவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இடையில் கலிபோர்னியாவிலும் கற்பித்தார்.

வெஸ்லியனில் அவர் தனி ஆளாக இல்லை. கானா நாட்டு முழவுக் கலைஞர் ஏப்ரகாம் அட்சென்யா 1969 முதல் அங்கே பாடம் நடத்தினார். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து சாக்சபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனுடன் வாசித்த ஜாஸ் டிரம்மர் எட் பிளாக்வெல் 1970களில் வந்து சேர்ந்தார். 1967இலேயே பியானோக் கலைஞர் ராண்டி வெஸ்டனின் குழுவில் ஆப்பிரிக்க நாடுகளைச் சுற்றி வந்தவர் அவர். மேற்கு ஆப்பிரிக்கா, கறுப்பின அமெரிக்கா, புதுக்கோட்டை ஆகிய மூன்று வழி முழவுகளையும் ஒரே மாணவர் ஒரே வளாகத்தில் கற்கலாம் என்ற நிலை அப்படித்தான் உண்டானது. மேடையில் ஒருநாள் கூடி வாசித்துக் கலையும் ‘ஃப்யூஷன்’ கச்சேரியைவிட இது ஆழமான கலப்பு என்பதில் ஐயமில்லை.

மேற்கு ஆப்பிரிக்க முழவும் நம் முழவும் எங்கே ஒட்டுகின்றன? மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக வழங்கும் இரும்பு மணித் தாளம் ஒன்றில் 12 அட்சரங்களுக்கு 7 அடிகள். இடைவெளி 2, 2, 1, 2, 2, 2, 1. அதே 12ஐ ‘தகிட’ என்று நான்கு முறையும் சொல்லலாம், ‘தகதிமி’ என்று மூன்று முறையும் சொல்லலாம். மணியைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தால் நடைபேதம், அதாவது ஒரே அளவை வேறு வேறாகப் பிரிக்கும் முறை, சட்டென்று பிடிபடும். வேறுபாடும் பெரிது. முத்தாய்ப்பாக வரும் நம் கோர்வை, பாட்டு தொடங்கும் இடத்தைக் குறிவைத்து ஓடி வந்து நிற்கும். அங்கே மணி தன்பாட்டில் சுழன்றுகொண்டே இருக்கும். அகான் மக்களின் அடும்பான் முழவு மொழியின் ஏற்ற இறக்கங்களைப் பின்பற்றிப் பொருளுள்ள தொடர்களையே பேசும். ‘தகிட’ போன்ற நம் சொற்கட்டுக்கு அகராதிப் பொருள் கிடையாது.

இந்த ஒப்பீட்டையே ஆய்வாக எடுத்தவர் டிரம்மர் ராயல் ஹார்டிகன். மேற்கு ஆப்பிரிக்கா, கறுப்பின அமெரிக்கா, அமெரிக்கப் பழங்குடிகள், மத்திய ஜாவா, தென்னிந்தியா ஆகியவற்றின் முழவு மொழிகள் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1986இல் வெஸ்லியனில் அளிக்கப்பட்டது. பிறகு அட்சென்யாவுடன் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்கத் தாளங்களை ஜாஸ் டிரம் செட்டில் வாசிக்கக் கற்றுத்தரும் நூலையும் வெளியிட்டார்.

ரங்கநாதனின் சீடர் டேவிட் நெல்சன் அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். 2008இல் வெளிவந்த அவருடைய சொற்கட்டுப் பாடநூலுக்கு வாத்தியமே வேண்டாம். வாயும் தாளம் போடும் கைகளும் போதும்.