81 ரொட்டிகளும் ஒரு செங்கல் அடுப்பும்

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் பொம்பெய் நகரமே சாம்பலில் புதைந்தது. 1862-ல் அங்கே ஒரு பேக்கரியைத் தோண்டி எடுத்தார்கள். அடுப்புக்குள் கரியாகிப்போன 81 ரொட்டிகள் அப்படியே இருந்தன! உள்ளே வைத்தவர் அவற்றை எடுக்க முடியாமலே போயிற்று. அடுப்பு மட்டும் இடியாமல் நின்றது.

அந்த அடுப்பின் சூட்சுமம் அதன் குவிமாடம்தான். உள்ளேயே விறகை எரித்துச் செங்கல்லைச் சூடேற்றுவார்கள். பிறகு தணலையும் சாம்பலையும் வழித்துவிட்டு, ரொட்டியை வைத்து வாயை மூடுவார்கள். செங்கல் சேமித்து வைத்த சூட்டிலேயே ரொட்டி வெந்துவிடும்.

பக்கத்திலிருக்கும் நேப்பிள்ஸ் நகரில் பீட்சாவுக்கும் இதே குவிமாட அடுப்புதான். ஒரே வித்தியாசம், நெருப்பை வெளியே எடுக்காமல் ஓரமாக ஒதுக்கி எரியவிடுவார்கள். தளத்தின் சூடு அடியிலும் மாடத்தின் அனல் மேலேயும் ஒரே நேரத்தில் தாக்குவதால் 60 முதல் 90 விநாடிகளில் பீட்சா தயார். இந்தக் கலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இன்று மேல்நாடுகளில் வீட்டுக் கொல்லையில் பீட்சா அடுப்பு கட்டுபவர்கள் இந்த வட்டக் குவிமாட வடிவத்தைப் 'பொம்பெய் அடுப்பு' என்றே அழைக்கிறார்கள். 1900 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ரொட்டிக்காரரின் அடுப்பில் பெரிதாக மாற்ற எதுவும் இல்லை.