மதியிறுக்கமுள்ள மாணவர்களுக்கான உயர்கல்வி ஆதரவு

மதியிறுக்கமுள்ள மாணவர்களுக்கான உயர்கல்வி ஆதரவு என்பது, மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ளோர் கல்லூரியில் சேரவும், படிப்பை முடிக்கவும், பணிக்கு ஆயத்தமாகவும் செய்யப்படும் ஏற்பாடுகளைக் குறிக்கும். மதியிறுக்கம் என்பது தொடர்பாடலிலும் புலனுணர்விலும் வேறுபாடுகளை உண்டாக்கும் நரம்பு வளர்ச்சி நிலையாகும். இதனை 1943இல் லியோ கானர் விவரித்தார்.

சட்டப் பின்னணி

இந்தியாவின் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் மதியிறுக்கம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதனைச் சேர்த்துக்கொண்டது. எனினும் அதில் கல்லூரி இட ஒதுக்கீடு இல்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையிலுள்ள, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அக்குறையை நீக்கியது. இதன்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும். சேர்க்கைக்கான உச்ச வயது வரம்பிலும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு.

ஒதுக்கீட்டைப் பெற, குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்று வேண்டும். ஆனால் தேர்வில் எழுதுநர் உதவியை இவ்வளவு உள்ளோருக்கு மட்டும் எனக் குறுக்க இயலாது என, கை எழுத்துச் சிக்கல் உடைய விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கல்லூரியில் தேவைப்படுபவை

இட ஒதுக்கீடு சேர்க்கைக்கு மட்டுமே உதவும். படிப்பைத் தொடர அன்றாட ஏற்பாடுகள் தேவை. அவற்றுள் சில:

• பாடவேளை மாற்றங்களை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தல்
• தேர்வுக்குக் கூடுதல் நேரமும் அமைதியான அறையும் அளித்தல்
• வாய்மொழித் தேர்வுக்கு மாற்றாக எழுத்து வடிவில் விடையளிக்க இசைதல்
• ஐயங்களைக் கேட்க ஒரே ஆசிரியரை நியமித்தல்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி உள்ளது. கேரளம், கருநாடகம் ஆகியவற்றின் எல்லையை ஒட்டிய இவ்வூரில் தமிழ், மலையாளம், கன்னடம் எனப் பல மொழிகள் வழங்குகின்றன. தென்மேற்குப் பருவமழையில் மலைச்சாலைப் போக்குவரத்து தடைபடுவதும் உண்டு. மொழி மாற்றமும் எதிர்பாராத நாள்முறை மாற்றமும் மதியிறுக்கமுள்ளோரைக் கூடுதலாகப் பாதிக்கக்கூடும். எனவே இத்தகைய ஊர்களில் முன்னறிவிப்பும் எழுத்து வடிவக் குறிப்புகளும் இன்றியமையாதவை.

தொழில் ஆயத்தம்

அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது. அதில் 1 விழுக்காட்டை மதியிறுக்கம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உடையோர் பகிர்ந்துகொள்கின்றனர். தனியார் துறைக்கு இவ்வொதுக்கீடு கட்டாயமன்று. எஸ்ஏபி நிறுவனம் பெங்களூரில் முன்னோட்டமாக மதியிறுக்கமுள்ளோரைப் பணியமர்த்திய பின், 2013இல் அத்திட்டத்தை உலகளவில் அறிவித்தது.

வழக்கமான நேர்முகத் தேர்வு கண்ணோக்கிப் பேசுதல், உடனடியாக விடையளித்தல் போன்றவற்றையே பெரிதும் அளக்கிறது, பணித்திறன் மறைந்துபோகக்கூடும். ஆகவே வினாக்களை முன்பே அளித்தல், செய்முறைத் தேர்வு, படிக்கும்போதே குறுங்காலப் பணிப்பயிற்சி ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

• மதியிறுக்கம்
• மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016
• கூடலூர்