தறி அவங்களது, பாவு நம்மளது

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் கூலிக்கு ஓட்டும் விசைத்தறிக்காரரிடம் தறி இருக்கும், ஷெட் இருக்கும், கரண்ட் பில்லும் அவர் பேரில்தான் வரும். பாவு மட்டும் அவருடையதில்லை. ஜவுளி உற்பத்தியாளர் தரும் நூலைத் துணியாக்கிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குகிறார். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றதும் அந்தக் கூலிக்காகத்தான். பென் டிரைவில் ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் சுமந்து திரிந்த காலத்தை நினைத்தால், இதே ஏற்பாடு எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. மெஷின் யாருடையதோ, அதில் ஓடியது நம்முடையது.

சிஸ்டத்தை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றாமல் வெளியிலிருந்தே ஓட்டும் யோசனை 1992-இல் இக்டிராசில் என்ற லினக்ஸ் சிடியிலேயே வந்துவிட்டது. அதைப் பரவலாக்கியது, ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் 2000-இல் வெளியிட்ட நாப்பிக்ஸ். சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி சிடிக்குள் அடக்கினார். சவுண்ட் கார்டு, டிஸ்பிளே என்று மெஷினில் இருப்பதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் சிடியில் திரும்ப எழுத முடியாது. ஆஃப் பண்ணினால் செய்ததெல்லாம் போச்சு.

அதே 2000-இல்தான் யூஎஸ்பி டிரைவ் கடைக்கு வந்தது, வெறும் 8 எம்பியில். கொள்ளளவு கூடக் கூட, சிடி செய்ய முடியாததை அது செய்தது. 2003-இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் தொடங்கிய பப்பி லினக்ஸ் முழுசாக ராமில் ஏறி ஓடும். நாம் செய்த மாற்றங்களை டிரைவிலேயே ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளும். அடுத்த முறை வேறு மெஷினில் செருகினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? அன்றைய எக்ஸ்பி மெஷின்களில் இந்திய மொழிகளுக்கான வசதியைத் தனியாக ஏற்ற வேண்டும். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறித் தமிழ் சிதறிக் கிடக்கும். பிரவுசிங் சென்டர் அண்ணன் விடமாட்டார். "கண்ணு, சிஸ்டத்துல எதையாச்சும் ஏத்தி வெச்சறாதே." "ஏத்தறதில்லீங்ணா. கழட்டுனா முன்ன மாதிரியேதான் இருக்குமுங்." என் ஃபாண்ட், என் கீபோர்டு, பாதி எழுதிய கதை எல்லாம் சட்டைப்பையில். தமிழை வாசிக்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

அரசுப் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. சென்னை சி-டாக் 2007-இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அது விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. சொந்த மெஷின் வீட்டுக்கு வந்ததும் பென் டிரைவ் சினிமாப் படம் சுமக்கப் போய்விட்டது.

மைக்ரோசாஃப்டும் 2012-இல் விண்டோஸ் டு கோ என்று இதையே செய்தது, நிறுவனங்களுக்கு மட்டும், 2020-இல் நீக்கிவிட்டது. விண்டோஸ் 8-ஓடு வந்த செக்யூர் பூட், கையொப்பம் இல்லாத சிஸ்டத்தை வாசலிலேயே நிறுத்தியது. உபுண்டு போன்றவை கையொப்பம் வாங்கி உள்ளே போயின. ஆனால் அந்தக் கையொப்பத்தைத் தருவது மைக்ரோசாஃப்ட்.

இன்று நம்மிடம் நல்ல லேப்டாப் இருக்கிறது. கதையும் படமும் கடிதமும் எங்கோ ஒரு கம்பெனியின் சர்வரில் இருக்கின்றன. தறி வாங்கிவிட்டோம். பாவு கைமாறிவிட்டது.