ஹராஜுகு நிலையத்து வாயிலில்

தோக்கியோ மாநகரின் நடுப்பகுதியை வளைத்தோடும் யமனோத்தே புகையிரதப் பாதையில் ஹராஜுகு என்றொரு நிலையம் உண்டு. புதுக்கோல உடைகளுக்குப் பேர்போன இடமென்றே உலகம் அதனை அறியும். தக்கெஷித்தா வாயிலால் வெளிவந்தால், எதிரே சுமார் 350 மீற்றர் நீளமான ஒடுங்கிய தெரு. இருமருங்கும் ஆடைக் கடைகள், இனிப்புக் கடைகள். தோளோடு தோள் உரசிச் செல்லும் இளைஞர் கூட்டம். ஆயினும் இந்தத் தெருக்களின் முகவரிகளில் ஹராஜுகு என்ற பெயரைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். 1965ஆம் ஆண்டில் முகவரிகள் திருத்தியமைக்கப்பட்டபோது அப்பெயர் மறைந்து, ஜிங்குமயே, அதாவது 'ஆலய முன்றில்', என்ற பெயர் வந்தது. பழம்பெயரைக் கைவிடாது காத்தது புகையிரத நிலையமே.

எந்த ஆலயத்தின் முன்றில் அது? நிலையம் 1906இல் திறக்கப்பட்ட காலத்தில் அங்கே ஆலயம் இல்லை. அயலிலே சேனையின் யொயொகி அணிவகுப்பு மைதானம் அமைந்தது. யப்பானின் முதல் விமானப் பறப்பு 1910 டிசம்பரில் நிகழ்ந்தது அந்த மைதானத்திலேதான். 1912இல் மெய்ஜிச் சக்கரவர்த்தி மறைந்தார். அவருக்கும் அவர்தம் தேவியாருக்குமென எழுந்த ஆலயம் 1920இல் நிறைவெய்தியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஏறக்குறைய 100,000 மரங்கள் காணிக்கையாக வந்தன. இன்று காண்போர் ஆதிவனமென்று மயங்கும் அக்காடு மனிதர் கைநட்ட காடு. ஆலயத்துக்குச் செல்லும் முன்வழியாக வெட்டப்பட்டதே ஒமொத்தெசாந்தோ என்னும் அகன்ற வீதி. பெருங்கடைகள் நிரம்பிய இவ்வீதி வழிபாட்டுக்கென அமைந்தது என்பதை இன்று நடப்போரில் எத்தனை பேர் நினைப்பர்!

1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்துக்கு மறு ஆண்டில், நிலையத்துக்குப் புதிய மரக்கட்டடம் எழுந்தது. வெண்சுவரிலே மரச்சட்டங்கள் வெளித்தெரிய, கூரைமீது சிறு கோபுரமொன்று நிமிர்ந்து நிற்க, ஆங்கில நாட்டுக் கிராம வீடொன்றை அது நினைவூட்டியது. ஆலயத்துக் காட்டின் ஓரத்திலே அத்தகைய கட்டடம் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தியது, மக்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர்.

1945 மே 25ஆம் நாள் இரவு அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு பொழிந்தன. ஒமொத்தெசாந்தோ வீதியிலே தீயிடை அகப்பட்டு மாண்டோர் பலர். சுற்றுவட்டாரம் சாம்பலாயிற்று, மரத்தாலான நிலையமோ தப்பி நின்றது. போர் ஓய்ந்தபின் அணிவகுப்பு மைதானத்தில் அமெரிக்கப் படையினரின் குடும்பங்களுக்கென 800க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அக்குடியிருப்புக்கு வாஷிங்டன் ஹைட்ஸ் என்று பெயர். அக்குடும்பங்களை நாடி விளையாட்டுப் பொருட் கடைகளும் கலைப்பொருட் கடைகளும் வீதியோரம் தோன்றின. வேலிக்கப்பால் தெரிந்த அந்நிய வாழ்வே இவ்விடத்தின் நவநாகரிகத்துக்கு வித்திட்டது என்பது என் எண்ணம். 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவின்போது அந்நிலம் வீரர் குடியிருப்பாகியது; பின்னர், 1967இல், பூங்காவாயிற்று. ஒல்லாந்து வீரர் தங்கிய வீடொன்று இன்றும் அங்கே பேணப்படுகிறது.

சேனை பயின்ற நிலத்தின் ஓரத்திலேயே இளைஞர் ஆடத் தொடங்கினர். 1977 முதல் ஞாயிறுதோறும் வாகனங்களை விலக்கி வீதியை நடப்போருக்கு விட்டனர். பளிச்சிடும் நிறங்களில் தொளதொளத்த உடையணிந்து, ஒலிப்பதிவுப் பெட்டியை நடுவில் வைத்து வட்டமிட்டு ஆடிய இளைஞருக்குத் தக்கெனொகோ, அதாவது 'மூங்கிற் குருத்து', கூட்டத்தார் என்று பெயர். அது அவ்வுடைகளை விற்ற கடையின் பெயர். 1998இல் அந்த ஞாயிறு ஏற்பாடு கைவிடப்பட்டது.

மரக்கட்டடத்தின் முடிவு விசித்திரமானது. 2020 மார்ச்சில் கண்ணாடிச் சுவருடைய புதிய நிலையம் திறக்கப்பட்டது. பழைய கட்டடம் தீத்தடுப்பு விதிகளுக்கு அமையவில்லை என்ற காரணத்தால் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அதனைக் கழற்றத் தொடங்கினர். வானிலிருந்து விழுந்த தீக்குத் தப்பிய கட்டடத்தை விதிநூலின் தீ வீழ்த்தியது! அதே தோற்றத்தில், எளிதிற் தீப்பற்றாத பொருள்களால், மீளக் கட்டப்போவதாகப் புகையிரதக் கம்பனியார் அறிவித்தனர்.

ஒமொத்தெசாந்தோ வீதிக்கு இது புதிதன்று. பூகம்பத்தின்பின் எழுந்த அடுக்குமாடி வீடுகள் 2003இல் அங்கே இடிக்கப்பட்டன. 2006இல் திறக்கப்பட்ட பெரிய அங்காடிக் கட்டடத்தின் ஓரத்தில், பழைய வீட்டுத் தொகுதியொன்றைப் போலவே புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.