தட்டில் மிஞ்சும் சோறு

அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் உள்ள நர்சிங் ஹோம்களில் முதியவரின் எடையைக் குறித்துவைப்பது மத்திய அரசு விதிகளோடு பிணைந்த வேலை. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் சிறு மருத்துவமனையைக் குறிக்கும். அமெரிக்காவில் அது முதியோர் ஆண்டுக்கணக்கில் வாழும் இல்லம். 1965இல் மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்தபின் அமெரிக்கா முழுதும் இத்தகைய இல்லங்கள் பெருகின. கவனிப்பு அந்த வேகத்தில் வளரவில்லை. 1987இன் சீர்திருத்தச் சட்டம்தான் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் முறையாக மதிப்பிடக் கட்டாயப்படுத்தியது.

ஒரு மாதத்தில் 5 விழுக்காடு அல்லது ஆறு மாதத்தில் 10 விழுக்காடு எடை குறைந்தால் அது எச்சரிக்கை. 60 கிலோ எடையுள்ள பாட்டிக்கு மாதத்தில் 3 கிலோ. பொருந்தாத பல்செட், விழுங்கும் சிரமம், மனச்சோர்வு, மறதிநோய், வாயைக் கசக்கவைக்கும் மருந்து எனக் காரணங்கள் பல. பொறுமையாக ஊட்டிவிட ஆளில்லாமை அவற்றில் மிகக் கொடியது. குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள் ஊட்டிவிட 2003இல் மத்திய விதி இடமளித்தது.

ருசியின் முறை தாமதமாகவே வந்தது. உப்பில்லாப் பத்தியமே பசியைக் கொல்லும் என்று உணவியலாளர்கள் கண்டு கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொன்னார்கள். உணவுப் பட்டியல் முதியவரின் மதம், பண்பாட்டையும் கருத வேண்டும் என்று 2016இன் விதி சொன்னது. நியூவார்க் அவென்யூவில் தோசை மணக்கும் ஜெர்சி சிட்டியில், ரசஞ்சோற்றுக்கு ஏங்கும் நாவுக்கு அந்த வரி பெரிது.