வன்னியும் பங்குத்தந்தையரும்: ஒரு பெயரேட்டின் வரலாறு

மதகுருமாரைப் பற்றி முற்போக்கு ஏடொன்றில் எழுதுவானேன் என வாசகர் சிலர் வினவக்கூடும். திருச்சபை குடியேற்ற ஆட்சியாளரின் கப்பல்களோடு இந்நாட்டில் கால்கொண்ட நிறுவனம் என்பதையும், அதிகாரத்தோடு அது கொண்ட உறவையும் நாம் மறந்துவிடவில்லை. ஆயினும், ஒரு நிறுவனத்தின் வரலாறும் அதன் கடைக்கோடியில் மக்களோடு வாழ்ந்த மனிதரின் வரலாறும் எக்காலத்தும் ஒன்றாவதில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பின் பங்குத்தந்தையரை இந்நோக்கிலேயே இங்கு ஆராய முற்படுகிறோம்.

பங்குத்தந்தையின் நாளாந்தக் கடமைகளுள் பெயர் எழுதுதலும் ஒன்று. பிறந்த குழந்தை, மணம் முடித்தோர், இறந்தவர் ஆகிய அனைவரின் பெயரும் பங்கின் பதிவேட்டில் ஏறவேண்டும். திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்து வைக்கும் கடமையைத் திரிதெந்துச் சங்கம் 1563 இல் பங்குக் குருமார் மீது சுமத்தியது. ஏடு தன்னளவில் மக்கள் பக்கம் நிற்பதன்று. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும் பெயரேடுகளே. நிலத்தோம்பு வரிக்கு உதவியது. பள்ளித்தோம்பில் பெயரில்லாதவனுக்கு வாரிசுரிமையே ஐயத்துக்குரியதாயிற்று. அவ்வாட்சி கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த வேளையில், 1687 இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவைக் குரு யோசே வாஸ், இரவில் வீடு வீடாகச் சென்றே மக்களை அறிந்தார். ஏட்டினால் மக்களை அறிவது ஒரு முறை. படலையைத் திறந்து உட்சென்று அறிவது மற்றொரு முறை. வன்னியில் இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தன.

வன்னியின் குடித்தொகை ஒரே நாளில் உருவானதன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மலையகத் தொழிலாளருள் ஒரு பகுதியினர், 1977, 1983 ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களுக்குப் பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினர். காணி உறுதியும் அடையாளச் சான்றும் இல்லாதவனுக்கு, அவனை இன்னான் என்று அறிந்து சொல்லக்கூடிய ஓர் அயலவன் தேவை. அந்த அயலவர்களுள் ஒருவராகப் பங்குத்தந்தை அமைந்தார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல், நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்புதல், தடுத்துவைக்கப்பட்ட இளைஞனைத் தேடிப் போதல் என விரிந்த அவர் வேலை, பூசைக்கு வருவோர் வராதோர் என்னும் பிரிவினையைக் கடந்தது.

போர் முற்றியபோது இவ்வேலைக்கு விலை கொடுக்க நேர்ந்தது. இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார் இணைப்பாளரான பாக்கியரஞ்சித் அடிகள், இடம்பெயர்ந்தோருக்கான பணியில் சென்றுகொண்டிருந்தபோது 2007 செப்டம்பர் 26 அன்று வன்னியில் கிளைமோர் வெடிப்புக்குப் பலியானார். வவுனிக்குளம் பங்குத்தந்தையான கருணாரத்தினம் அடிகளும் 2008 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, அதே வகையில் கொல்லப்பட்டார். இராணுவத்தின் ஆழ ஊடுருவும் அணி மீது குற்றஞ்சாட்டப்பட்டது. இராணுவம் அதனை மறுத்தது. அவர் தலைமை தாங்கிய வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் வேலை, கொல்லப்பட்டோரின் விவரங்களைத் திரட்டுவதாகும். அது புலிகளின் ஆட்சிப் பரப்பில் இயங்கிய அமைப்பு. ஆகவே அதன் ஏடுகளை அச்சூழ்நிலையோடு வைத்தே படித்தல் வேண்டும். படியாது ஒதுக்குதல் ஆராய்ச்சியாகாது.

2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பணியாளரும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் அரசின் பணிப்பின்பேரில் வன்னியை விட்டு வெளியேறினர். குருமார் சிலர் மக்களுடனேயே தங்கினர். கோவிலுங்கூடப் புகலிடமாகவில்லை. வலைஞர்மடம் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கணக்கான இளைஞரை 2009 ஏப்ரல் நடுப்பகுதியில் புலிகள் வலிந்து பிடித்து, பேருந்துகளில் ஏற்றிச் சென்றதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. எறிகணை ஒரு பக்கம், ஆட்பிடிப்பு மறுபக்கம். இரண்டுக்கும் இடையில் நின்றனர் மக்கள். உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகள், முள்ளிவாய்க்காலிலிருந்து மக்கள் வெளியேறிய மே 18 அன்று மாரடைப்பால் மாண்டார்.

அதே நாளில் வட்டுவாகலில் நடந்தது நம் சிந்தனைக்குரியது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகள், சரணடைந்த போராளிகளோடு நின்று அவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டார் எனவும், அவர்களோடு பேருந்தில் ஏறிச் சென்றார் எனவும் உறவினர் சாட்சியமளித்துள்ளனர். அவர் திரும்பவில்லை. பதிவேட்டில் பெயர் எழுதிப் பழகிய குருத்துவத்தின் அன்றாடக் கடமை, அன்று இறுதிப் பாதுகாப்பாக எண்ணப்பட்டது. பெயர் எழுதப்பட்டவனை எளிதில் இல்லாமலாக்க முடியாது என்னும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை பொய்யாக்கப்பட்டது. சரணடைந்த ஒருவரின் குடும்பம் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், அவரை மன்றில் முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிடுவதற்கு 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் ஓர் எளிய கழித்தற்கணக்கை வைத்தார். கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 யூலையில் ஐ.நா. கணக்கின்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்திருந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். இத்தனை பேரும் இறந்தனர் என அவர் கூறவில்லை, கணக்குக் கேட்டார். அக்கேள்விக்குத் திருப்தியான விடை கிடைக்காமலே 2021 ஏப்ரல் 1 அன்று அவர் காலமானார்.

இக்கணக்கின் முதல் எண், பங்குமனையில் பிறந்ததன்று. அது அரச செயலகத்தின் எண். அதன் அடியில் கிராம சேவையாளர் தத்தம் பிரிவில் குடும்பம் குடும்பமாக எடுத்த கணக்கு உள்ளது. எனவே இவ்வரலாற்றைத் தனிமனிதப் புனிதராக்கம் செய்து முடித்துவிடுதல் தகாது. குருவானவர், கிராம சேவையாளர், ஆசிரியர், மருத்துவத் தாதி ஆகிய எளிய உத்தியோகத்தரெல்லாம் அயலவரை அறிந்து வைத்திருந்தமையே, பேரழிவின் பின் கேள்வி கேட்பதற்கு வேண்டிய அடிப்படையை நமக்குத் தந்தது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார், ஆண்டுக்கணக்காகக் கையில் ஏந்தியிருந்தவையும் பெயரும் படமுமே. அப்பணியில் பங்கேற்கும் ஆற்றல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்டு. தத்தம் பாடசாலையின் பழைய வரவுப் பதிவேட்டை எடுத்து, அதிலுள்ள பெயர்களுக்குரியோர் இன்று எங்கேயென ஊரிற் சென்று விசாரித்து எழுதுவோமாயின், பங்குத்தந்தையர் தொடங்கி வைத்த வேலையை மதத்தின் எல்லைக்கு வெளியேயும் கொண்டு செல்வோராவோம்.