‘இல்லஸ்ட்ரேஷன்’: படமா, எடுத்துக்காட்டா?

‘இல்லஸ்ட்ரேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘விளக்கப்படம்’, ‘எடுத்துக்காட்டு’ என இரு நேர்ச்சொற்கள் வழங்குகின்றன. ஒன்று கண்ணுக்குரியது; மற்றொன்று கருத்துக்குரியது. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கிய வரலாற்றைப் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய நிலப்பகுதியின் தாவரவியல் தெளிவாகக் காட்டுகிறது.

இச்சொல்லின் மூலமான இலத்தீன் வினை ஒளியூட்டுதலைக் குறிப்பது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது அகத்தில் தோன்றும் ஞான ஒளியைச் சுட்டியது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருத்தைத் தெளிவாக்குதல் என்னும் பொருள் பெற்றது. நூலில் இடம்பெறும் படம் என்னும் பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிலைபெற்றது. இன்று முதன்மையாகத் தோன்றும் பொருளே காலத்தால் பிந்தியது.

இந்த மாற்றத்தின் நடுவில், 1838இல், ராபர்ட் வைட் சென்னையிலிருந்து இரு படநூல் வரிசைகளை வெளியிடத் தொடங்கினார். அவர் பின்னர் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திப் பயிரீட்டுக்குப் பொறுப்பேற்றவர். அன்றைய மலபார் மாவட்டத்தின் பாலக்காட்டுப் பகுதியிலும் தாவரங்களைத் திரட்டியவர். ஒரு வரிசைக்கு ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இந்தியன் பாட்டனி’ என்றும், மற்றொன்றுக்கு உருவம் என்று பொருள்படும் ‘ஐகோனெஸ்’ என்றும் பெயரிட்டார். இரண்டிலும் படங்களே இருக்க, பெயர்கள் வேறுபட்டமைக்குக் காரணம் உண்டு. 1853இல் நிறைவுற்ற ‘ஐகோனெஸ்’ ஆறு தொகுதிகளில் 2,101 படத்தகடுகளைக் கொண்டது. இயன்றவரை மிகுதியான இனங்களைப் பதிவுசெய்வதே அதன் நோக்கம். முதல் நூலோ, ஒவ்வொரு தாவரக் குடும்பத்தின் இயல்பையும் தேர்ந்தெடுத்த உருவங்களால் தெளிவுறுத்த முயன்றது. அங்குப் படமே எடுத்துக்காட்டாகவும் நின்றது.

அவ்வாறு நிற்கும் படத்தை வரைவது வெறும் நகலெடுப்பு அன்று. கிளையில் ஒருசேரக் காணக் கிடைக்காத மலரையும் கனியையும், அறுத்துக் காட்டிய சூலகத்தையும் விதையையும் ஓவியர் ஒரே தாளில் அமைக்கிறார். தனிச்செடி ஒன்று தன் இனத்துக்கே சான்றாகிறது. வைட்டுக்காக இப்பணியைச் செய்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்கு வைட் ‘கோவிந்தூயியா’ எனப் பெயர் சூட்டினார்.

இதே காலத்தில் சட்டத்துறை இச்சொல்லைப் படமின்றியே ஆண்டது. 1837இல் மெக்காலே தலைமையிலான ஆணையம் அளித்த வரைவிலிருந்து உருவான 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், பல பிரிவுகளின் கீழ் ‘இல்லஸ்ட்ரேஷன்’ என்னும் தலைப்பில் கற்பனை நிகழ்வுகள் தரப்பட்டன. திருட்டு பற்றிய 378ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டே ஒரு மரம்தான்: பிறர் நிலத்து மரத்தை நேர்மையற்ற முறையில் கவர்ந்து செல்லும் நோக்குடன் ஒருவர் வெட்டினால், அது நிலத்தைவிட்டுப் பிரிந்த அக்கணமே திருட்டு நிகழ்ந்துவிடுகிறது. வைட்டின் மரத்துக்கு இலையும் மலரும் தேவை; சட்டத்தின் மரத்துக்கு இனப்பெயர்கூடத் தேவையில்லை. எனினும், பொதுவிதியைத் தனியொன்றின்வழிப் புலப்படுத்தும் பணி இரண்டுக்கும் ஒன்றே.

தமிழுக்கு இந்த உறவு புதிதன்று. பாத்திரத்தை விளக்குகிறோம், பாட்டின் பொருளையும் விளக்குகிறோம், ஒளி தருவதும் விளக்கே. காண்டிகையுரையின் உறுப்புகளுள் ஒன்றுக்கு நன்னூல் தரும் பெயர் ‘காட்டு’. மணிமேகலை ஆளும் அளவைச் சொல்லான ‘திட்டாந்தம்’, காணுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. மலையாளத்தில் அது இன்றும் ‘திருஷ்டாந்தம்’ என வழங்குகிறது.

ஆகவே, மொழிபெயர்ப்பில் ஒரே நேர்ச்சொல்லை எங்கும் இடுவது பொருந்தாது. பாலக்காட்டின் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவர் ஆங்கிலம், மலையாளம், தமிழ் ஆகிய மும்மொழிக் கலைச்சொற்களுக்கிடையே கற்பவர். ‘இல்லஸ்ட்ரேட்’ என்னும் வினா ஏவலை ‘படம் வரைக’ என்று பெயர்த்தால், எடுத்துக்காட்டு தர வேண்டிய மாணவர் படம் வரைந்து மதிப்பெண் இழப்பார். ‘எடுத்துக்காட்டு தருக’ என்று மட்டும் பெயர்த்தால், தாவரவியல் மாணவர் வரைய வேண்டியதை வரையாமல் விடுவார். அவ்விடத்தில் காட்ட வேண்டியது உருவத்தையா, நிகழ்வையா என்று தெளிந்த பின்னரே தமிழ்ச்சொல்லைத் தெரிவுசெய்தல் வேண்டும்.